'போரும் வாழ்வும்' கூட வாசித்தவர்களுக்கு

அன்புள்ள வாசிப்பு வட்டத்து நண்பர்களுக்கும் எங்கள் கிளை நூலகத்தாருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை டால்ஸ்டாயின் நாவலைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தோம். அன்றைக்கு ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்ததில் யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரியும்.

மூலத்தில் மொத்தம் 361 அத்தியாயங்கள். ஐநூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். ஆனால் அத்தியாயங்கள் சின்னச் சின்னவை, நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் முடித்துவிடலாம். நாங்கள் அந்தக் கணக்கில்தான் தொடங்கினோம். பண்டிகை, பரீட்சை, கல்யாணம் என்று கணக்கு இழுத்துக்கொண்டே போனது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. 1865இல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய கதை 1869இல்தான் முழுப் புத்தகமாக முடிந்தது. முதல் வாசகர்களும் காத்திருந்துதான் படித்திருக்கிறார்கள்.

முதல் நன்றி நூலகர் அம்மாவுக்கு. கிளை நூலகத்தில் ஒரே ஒரு செட்தான் இருந்தது. மாவட்ட மைய நூலகத்துக்கு எழுதி இன்னொன்றை வரவழைத்தார். மாடி அறையில் கிடந்த பழைய நாளிதழ்க் கட்டுகளை ஒதுக்கி நாற்காலி போட்டுக் கொடுத்தார். மின்விசிறி ஓடாத நாளில் தன் வீட்டிலிருந்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அடுத்து, குடும்ப மரம் வரைந்த தங்கைக்கு. ரஷ்யப் பெயர்கள் முதல் மாதத்திலேயே பாதிப் பேரை விரட்டிவிடும். ஒரே பெண்ணை ஒரு பக்கத்தில் நட்டாஷா என்பார்கள், இன்னொரு பக்கத்தில் நட்டாலியா இலியினிச்னா என்பார்கள். கல்லூரிப் பாடங்களுக்கு நடுவில் இந்தத் தங்கை ஒரு சார்ட் பேப்பர் வாங்கி வந்து ரோஸ்தோவ் குடும்பத்துக்குப் பச்சை, பல்கோன்ஸ்கி குடும்பத்துக்கு நீலம், பெசுகோவ் குடும்பத்துக்குச் சிவப்பு என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டினாள். யாராவது இறந்தால் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைப்பாள். அந்த சார்ட் இல்லாமல் இந்த வட்டம் நிலைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

ராணுவத்தில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணனுக்குத் தனியாக ஒரு வணக்கம். போர் வருகிற பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடலாம் என்று பலர் சொன்னபோது, "எனக்கு ஒரு வாரம் கொடுங்க" என்றார். நெப்போலியனின் பிரெஞ்சுப் படையோடு ரஷ்யர்கள் மோதிய ஷேன்கிராபெர்ன் சண்டையை மேஜையில் தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். நடுவில் நான்கு தீப்பெட்டிகள். அதுதான் கேப்டன் தூஷினின் பீரங்கிகள். காவலுக்கு நின்ற காலாட்படை போய்விட்டது என்று சொல்லிப் பக்கத்துப் பெட்டிகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான்கு பெட்டிகள் மட்டும் தனியாக நின்றதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் எப்பேர்ப்பட்ட காரியம் செய்திருக்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது. சண்டை முடிந்ததும் பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று தளபதி கேட்கிறார். காவல் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னொரு அதிகாரி மாட்டிக்கொள்வாரே என்று தூஷின் வாய் திறப்பதில்லை. இளவரசன் அந்திரேய்தான் எழுந்து உண்மையைச் சொல்கிறான். "இப்படி எழுந்து பேசுறவங்க ரொம்பக் கம்மி" என்றார் அண்ணன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வாரா வாரம் உரக்க வாசித்த தமிழாசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? சர்க்கரை நோயால் பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்காகத்தான் உரக்க வாசிப்பதைத் தொடங்கினோம், அப்புறம் எல்லோருக்கும் அதுவே பிடித்துவிட்டது. மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வர முடியாமல் போன அக்காவுக்கு ஐயா ஒவ்வொரு அத்தியாயத்தையும் பதிவு செய்து அனுப்பினார். பின்னணியில் குக்கர் விசில் கேட்கும். அந்த வீட்டுப் பெரியம்மாவும் படுத்தபடியே கதை கேட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

நட்டாஷாவின் தம்பி பெத்யா ரோஸ்தோவ் இறக்கும் அத்தியாயத்தையும் அவர்தான் வாசித்தார். முந்தின நாள் முகாமில் எல்லோருக்கும் உலர் திராட்சையை எடுத்து எடுத்து நீட்டிய பையன். பிடிபட்ட பிரெஞ்சுச் சிறுவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்டவன். மறுநாள் காலையில் குதிரையில் பாய்ந்து போய்க் குண்டடி பட்டு விழுகிறான். தனியாகப் படித்தால் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவோம். எங்களுக்கு அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வாரம் முழுக்கத் தெருவில் பார்த்துக்கொண்டவர்கள் எல்லாம் பெத்யாவைப் பற்றித்தான் பேசினோம். மெதுவாக வாசிப்பதில் எனக்குக் கிடைத்த ஆகப் பெரிய விஷயம் அந்த வாரம்தான்.

எங்களில் ஓர் அம்மா மகனைப் பறிகொடுத்தவர். அடுத்த பகுதிக்கு வர வேண்டாம் என்று சொல்லலாமா என யோசித்தோம். அவரே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மகன் செய்தி கேட்டுப் புத்தி பேதலித்த தாயை விட்டு நகராமல், மூன்று வாரம் அதே அறையில் சாய்வு நாற்காலியில் தூங்கிப் பார்த்துக்கொள்கிறாள் நட்டாஷா. ஐயா வாசித்து முடித்ததும் அந்த அம்மா மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னார். "எல்லாரும் தேறிக்கோ தேறிக்கோன்னுதான் சொன்னாங்க. என் நாத்தனார் மட்டும் ஒண்ணும் சொல்லாம கூடவே படுத்துக் கிடந்தா" என்றார். அம்மா, அன்றைக்கு நீங்கள் வந்ததற்கும் அதை எங்களிடம் சொன்னதற்கும் நன்றி.

பின்னுரையின் இரண்டாம் பகுதியில் கதையே கிடையாது. நாடுகளை நகர்த்துகிற சக்தி எது, நெப்போலியன் என்ற தனி ஆளா, கோடிக்கணக்கான சாதாரண மனிதர்களா என்று பன்னிரண்டு அத்தியாயம் விசாரணை. அதை விடக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற வங்கி ஊழியர் தோழருக்கும், அவரோடு வாராவாரம் மல்லுக்கு நின்ற வக்கீல் சாருக்கும் நன்றி. நடுவில் வேலை மாறிப் போனவர்கள், நின்றுவிட்டவர்கள், நீங்களும் இந்த வாசிப்பில் இருந்தீர்கள்.

கடைசியாக, இதைத் தமிழில் தந்த டி.எஸ்.சொக்கலிங்கம். 1934இல் தொடங்கிய தினமணியின் முதல் ஆசிரியர், தென்காசிக்காரர். நாளிதழ் வேலையில் தேய்ந்த கை இவ்வளவு பெரிய நாவலையும் எங்களுக்காக எழுதி வைத்திருக்கிறது. அவருக்கு எங்கள் வணக்கம்.

அடுத்த சுற்று தை மாதம் தொடங்குகிறது. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள் அதற்குள் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள், புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டும். சார்ட் மாடி அறைச் சுவரிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி