பக்கத்தின் அடியில் அச்சாகும் அந்த ஒரு வரி: பிஎச்பி ஃபிரேம்வொர்க் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிஎச்பி மொழியில் இணையச் செயலி கட்ட உதவும் ஆயத்தக் கட்டமைப்புகளான ஃபிரேம்வொர்க்குகளைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். புதிதாக நிறுவிய செயலியின் முதல் பக்கத்தைத் திறந்தால், சில ஃபிரேம்வொர்க்குகள் அடியில் ஒரு வரி காட்டுகின்றன: "இந்தப் பக்கம் 0.2000 நொடியில் உருவானது, மெமரி 2 எம்பி." கற்றுக்கொள்ள வருபவர் முதன்முதலில் பார்க்கும் அளவீடு இதுதான். பிறகு சர்வர் எவ்வளவு பெரிதாக வேண்டும், எந்த நிரலைத் திருத்த வேண்டும் என்பதையெல்லாம் அவர் இதை வைத்தே முடிவு செய்கிறார். அந்த இரண்டு எண்களும் பொய்யில்லை. ஆனால் படிப்பவர் அவற்றுக்குக் கொடுக்கும் பொருள் வேறு. அந்த வரியை மாற்றித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நேரத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் கடிகாரம் முதல் கோப்பின் முதல் வரியில்தான் ஓடத் தொடங்குகிறது. அதற்கு முன் ரிக்வெஸ்ட் (பக்கம் கேட்டு பிரவுசர் அனுப்பும் கோரிக்கை) எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று அதற்குத் தெரியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சர்வரில் பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம்மில் 20 வொர்க்கர்கள், அதாவது ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்டைக் கவனிக்கும் ப்ராசஸ்கள். ஒரு ரிக்வெஸ்டுக்கு 200 மில்லிநொடி. நொடிக்கு அதிகபட்சம் 100 ரிக்வெஸ்டுகளை முடிக்கலாம். நொடிக்கு 120 வந்தால் மீதி 20 வரிசையில் சேரும். பத்தாவது நொடியில் வரிசையில் 200 பேர். அப்போது வருபவர் 2 நொடி நின்ற பிறகுதான் அவர் முறை வரும்; பக்கம் கைக்கு வர 2.2 நொடி ஆகும். பக்கத்தின் அடியில் இருப்பதோ அதே 0.2000. பயனர் "இழுக்கிறது" என்கிறார், நிரலாளர் அந்த வரியைக் காட்டி "இல்லையே" என்கிறார். இருவரும் சொல்வது உண்மை. வரிசை இப்படியே நீண்டு, லினக்ஸில் இயல்பாக 511 என்றிருக்கும் பேக்லாக் (காத்திருப்பு வரிசையின் உச்ச நீளம்) நிரம்பினால், எஃப்பிஎம்முக்கு முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் 502 அல்லது 504 பிழையைத் திருப்பி அனுப்பும். அந்த ரிக்வெஸ்டுகள் உங்கள் நிரலுக்குள் வருவதே இல்லை, ஆகவே எந்த அளவீட்டிலும் அவை இருக்காது.

காத்திருந்த நேரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. என்ஜின்எக்ஸ் பதிவில் (லாக்) அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைமை, அதாவது எஃப்பிஎம்மிடமிருந்து விடை வர ஆன நேரத்தை, சேர்க்கச் சொல்லுங்கள். எஃப்பிஎம் பதிவின் வடிவமைப்பில் ரிக்வெஸ்ட் எடுத்த நேரத்தையும் உச்ச மெமரியையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் வருவது பெரும்பாலும் வரிசையில் நின்ற நேரம். எஃப்பிஎம்மின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வரிசையில் நிற்கும் ரிக்வெஸ்டுகளைச் சொல்லும் 'லிசன் க்யூ' என்ற எண் பூஜ்யத்துக்கு மேல் அடிக்கடி ஏறுகிறதென்றால் அதுவே போதுமான எச்சரிக்கை. இதற்குச் செயலியில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். உங்கள் ஆவணங்களின் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டிய செய்தி இது.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்னும் தற்போதைய நேரத்தைத் தரும் மைக்ரோடைம் ஃபங்ஷனின் எண்களைக் கழித்துத்தான் நேரம் கணக்கிடுகிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். அது சுவர்க் கடிகாரம். நேரம் ஒத்திசைக்கப்படும்போது முன்னும் பின்னும் நகரும். 2017 புத்தாண்டு பிறந்த யுடிசி நள்ளிரவில் ஒரு லீப் நொடி (நேரத்தைச் சரிக்கட்டும் கூடுதல் நொடி) சேர்ந்தபோது, கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின், தளப் பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் மென்பொருளில் இப்படிக் கழித்து வந்த எண் எதிர்மறையாகி நிரலையே வீழ்த்தியது. பின்னோக்கி ஓடாத எச்ஆர்டைம் பிஎச்பி 7.3 முதல் கையில் இருக்கிறது. 'ட்ரூ' கொடுத்தால் நானோநொடியில் முழு எண்ணாகவே தருகிறது.

மெமரியில்தான் குழப்பம் அதிகம். சுத்தமாக "2 எம்பி" என்று வந்தாலே சந்தேகப்பட வேண்டும். பிஎச்பி 7 முதல் மெமரி மேலாளர் இயங்குதளத்திடம் 2 எம்பி துண்டுகளாகத்தான் வாங்குகிறது. மெமரி அளவைச் சொல்லும் மெமரி_கெட்_யூசேஜுக்கு 'ட்ரூ' கொடுத்தால் அந்தத் துண்டுகளின் கூட்டுத்தொகை வரும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும். 'ட்ரூ' கொடுக்காவிட்டால் அந்தக் கணத்தில் பயன்பாட்டில் உள்ளது மட்டும் வரும். 40 எம்பி கோப்பை ஒரே மூச்சில் படித்து, வேலை முடிந்ததும் அந்த மாறியை அழித்துவிட்டால், பக்கத்தின் அடியில் அதற்குச் சுவடே இருக்காது. ஆனால் பிஎச்பியின் இயல்பான 128 எம்பி வரம்பை முட்டி நிரலை நிறுத்துவது அந்த உச்சம்தான். ஆகவே காட்ட வேண்டியது உச்ச அளவைத் தரும் மெமரி_கெட்_பீக்_யூசேஜ்.

அந்த உச்சத்தில்கூட எல்லாம் அடங்காது. பிஎச்பியின் தரவுத்தள இணைப்பியான மைஎஸ்க்யூஎல்-என்டி வழியே வரும் தரவுத்தள விடை முழுவதும் அதில் சேரும். படங்களைக் கையாளும் நீட்சியான இமேஜிக் திறக்கும் படம் சேராது. 4000 பெருக்கல் 3000 பிக்சல் புகைப்படம், பிக்சலுக்கு 4 பைட் என்றால்கூட 48 மில்லியன் பைட்; இமேஜிக்கில் பெரும்பாலும் அதற்கும் மேல். பிஎச்பி எல்லாம் அமைதி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் மெமரி தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னல் ப்ராசஸைக் கொல்லும். எத்தனை வொர்க்கர்கள் வைக்கலாம் என்று கணக்கிட ப்ராசஸ் அளவைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஆர்எஸ்எஸ்ஸை (ஒரு ப்ராசஸ் மெமரியில் பிடித்திருக்கும் மொத்த இடம்) அப்படியே கூட்டினால் எல்லா வொர்க்கர்களும் பகிர்ந்துகொள்ளும் ஆப்கேஷ் (தொகுத்த நிரலின் சேமிப்பு) ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எண்ணப்படும். லினக்ஸின் ப்ராக் (/proc) அடைவில் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் உள்ள ஸ்மாப்ஸ்_ரோலப் கோப்பு தரும் பிஎஸ்எஸ், பகிர்ந்ததைப் பங்கு பிரித்துச் சொல்கிறது.

எண்ணைப் பக்கத்துக்குள் அச்சிடுவதே தனிச் சிக்கல். உருவான பக்கத்தைச் சேமித்து அப்படியே திரும்பக் கொடுக்கும் முழுப்பக்கக் கேஷ் இருந்தால் எண்ணும் சேர்ந்து கேஷாகி, நேற்று ஒருவருக்கு ஆன நேரத்தை இன்று வருகிற எல்லோருக்கும் காட்டும். பக்கத்தின் ஹாஷிலிருந்து ஈடேக் (பக்கம் மாறியதா என்று காட்டும் அடையாளம்) உருவாக்குபவர்களுக்கு இன்னும் மோசம்: ஒவ்வொரு முறையும் எண் மாறுவதால் ஈடேக் மாறும், 'மாறவில்லை' என்னும் 304 விடை ஒருபோதும் போகாது. அளப்பதற்காக வைத்த வரியே பக்கத்தை மெதுவாக்குகிறது. சர்வர்-டைமிங் என்ற எச்டிடிபி தலைப்பில் அனுப்புங்கள்: தரவுத்தளம் 31.4, டெம்ப்ளேட் 6.2 என்று பெயரும் மில்லிநொடியுமாக. பிரவுசரின் டெவலப்பர் கருவியில், நெட்வொர்க் பகுதியில் அது அழகாக விரியும். தலைப்புகள் உள்ளடக்கத்துக்கு முன் போக வேண்டும் என்பதால் வெளியீட்டை பஃபரில் பிடித்து வைக்க வேண்டியிருக்கும். அதற்கான இடம் உங்கள் ரெஸ்பான்ஸ் வகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. பயனர்கள் வந்துபோகும் உற்பத்திச் சூழலில் இயல்பாக அணைத்து வையுங்கள். உள்ளே எது எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று வெளியாருக்குத் தெரிய வேண்டியதில்லை.

ஒரே ரிக்வெஸ்டின் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் எழுதுங்கள். 100 ரிக்வெஸ்டுகளில் 95 பேருக்கு 50 மில்லிநொடி, 5 பேருக்கு 3000 என்றால் சராசரி 197.5. அந்த நேரத்தை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லை. 50ஆம், 95ஆம், 99ஆம் சதமானங்களைக் (அத்தனை சதவீத ரிக்வெஸ்டுகள் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்பதை) காட்டுங்கள். கட்டளை வரியில் ஓட்டி அளப்பவர்களுக்கு அங்கே ஆப்கேஷ் இயல்பாக அணைந்திருக்கும் என்றும், பிழைதேடும் நீட்சியான எக்ஸ்டிபக் ஏற்றியிருந்தால் எண்கள் உதவாது என்றும் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் உடனே சரிசெய்ய வேண்டியது வொர்க்கர் முறை. எஃப்பிஎம்முக்கு மாற்றான ஸ்வூல், ரோட்ரன்னர், ஃபிராங்கன்பிஎச்பி ஆகியவற்றில் செயலி ஒருமுறை ஏறி ஆயிரக்கணக்கான ரிக்வெஸ்டுகளைக் கவனிக்கிறது. தொடக்க நேரத்தை மாறிலியாக வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் அங்கே செயலி ஏறியதிலிருந்து ஆன நேரத்தைச் சொல்லும். முதல் ரிக்வெஸ்டின் 40 எம்பி உச்சம் பின்னால் வரும் எல்லாவற்றின் தலையிலும் விழும். ஒவ்வொரு ரிக்வெஸ்டின் தொடக்கத்திலும் எச்ஆர்டைமைப் புதிதாக எடுத்து, பிஎச்பி 8.2இல் வந்த மெமரி_ரீசெட்_பீக்_யூசேஜை அழையுங்கள். இரண்டே வரி மாற்றம். அடுத்த வெளியீட்டிலேயே எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
உங்கள் ஃபிரேம்வொர்க்குகளின் மேல் செயலிகளைக் கட்டிப் பராமரிக்கும் நிரலாளர்கள்