நான்கு மூலை சேரும் இடத்தில் போன் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விழுப்புரம் பக்கம் இருக்கும் என் அப்பா உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர். போன வாரம் ஒரு செய்தியைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இது உன் ஊரா?" என்று கேட்டிருந்தார். "ஜிபிஎஸ் வரைபடம் எல்லையைத் தவறாகக் காட்டியதால் தனியார் பண்ணைக்குள் புகுந்த நான்கு வேட்டைக்காரர்கள்" என்று ஆரம்பிக்கிறது அது. அந்த வரியில் நான்கு என்ற எண்ணிக்கை மட்டும்தான் சரி. ஒரு பொது நிலத்திலிருந்து இன்னொரு பொது நிலத்துக்கு மூலை வழியாகத் தாண்டிப் போனதற்காக அந்த நால்வர் மேல் நடந்த வழக்கு அது.

நான் 14 வருடமாக அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமியில் இருக்கிறேன். வழக்கில் வரும் எல்க் மலை, இங்கிருந்து 80ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் இடது பக்கம் தெரியும். வருடாவருடம் லைசென்ஸ் எடுத்து நானும் வேட்டைக்குப் போகிறேன். நம் ஊரில் வனவிலங்குச் சட்டப்படி வேட்டை என்றாலே குற்றம், அதனால் அம்மா இதை அக்கம்பக்கத்தில் மூச்சு விடுவதில்லை. இங்கே எந்தப் பகுதியில், எந்தத் தேதிகளில், எத்தனை விலங்கு என்று மாநில வனவிலங்குத் துறையே கணக்குப் போட்டு அனுமதி தருகிறது. அந்த நால்வரிடமும் அது இருந்தது. சண்டை விலங்குக்காக நடந்ததே இல்லை, நிலத்துக்காக.

1862இல் ரயில் பாதை போடுவதற்காக யூனியன் பசிபிக் கம்பெனிக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. பாதையின் இருபுறமும் ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டங்களாகப் பிரித்து, ஒற்றைப்படை எண் கட்டங்கள் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு என்று ஏற்பாடு. 1864இல் அந்தப் பட்டை ஒவ்வொரு பக்கமும் 20 மைல் ஆனது. ஒரு கட்டம் 640 ஏக்கர். கம்பெனிக் கட்டங்கள் பலவும் பிற்பாடு பண்ணைக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. அரசுக் கட்டங்கள் பெரும்பாலும் அப்படியே பொது நிலமாக நிற்கின்றன. மேப்பில் பார்த்தால் அசல் சதுரங்கப் பலகை. ஒரு பொதுக் கட்டத்திலிருந்து அடுத்த பொதுக் கட்டத்துக்கு, சதுரங்கத்தில் பிஷப் நகர்கிற மாதிரி, மூலை வழியாக மட்டும்தான் போக முடியும்.

அந்த மூலைக்கு அகலம் கிடையாது, வெறும் புள்ளி. காலைத் தூக்கி எதிர்க் கட்டத்தில் வைக்கும்போது தோளும் முழங்கையும் ஒரு நொடி பண்ணைக்காரரின் நிலத்துக்கு மேலே உள்ள காற்றில் இருக்கும். இத்தனை வருட வழக்கும் அந்தக் காற்றுக்காகத்தான். மூலையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, சங்கிலியால் பூட்டி, நுழையாதே என்று பலகை வைத்திருந்தார்கள். 2020இல் அந்த வேட்டைக்காரர்களில் மூவர் கம்பத்தைப் பிடித்துச் சுற்றி அந்தப் பக்கம் இறங்கினார்கள். 2021இல் நால்வரும் இரும்பில் ஏணியே செய்து கொண்டுவந்து, பண்ணைத் தரையில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை உரிமையாளர் விடவில்லை, 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம் என்று சிவில் வழக்கு நடத்தினார். 2023இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லின. பொது நிலத்துக்குப் போகும் வழியை யாரும் அடைக்கக் கூடாது என்கிற 1885ஆம் வருடச் சட்டம்தான் அதற்கு ஆதாரம். அதே வருடம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மனுவை எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இதில் ஜிபிஎஸ் எங்கே வருகிறது? போன் மேப்பை வைத்து அவர்கள் மூலைக்குப் பக்கத்தில் வந்தார்கள். இதுதான் மூலை என்று காட்டியது தரையில் பதித்திருந்த அளவைக் குறி. ஒருவர் போனில் போட்டிருந்த ஓர் இடக்குறி பண்ணை நிலத்துக்குள் விழுந்ததை வைத்து எதிர்த்தரப்பு ஒரு வாதம் செய்தது உண்மை. உங்கள் நிருபர் அதைப் பிடித்துக்கொண்டாரோ என்னவோ. மேப்பில் குறி போட அந்த இடத்துக்குப் போக வேண்டியதில்லை. சோபாவில் படுத்துக்கொண்டே நான் ஐம்பது போடுவேன்.

ஆனால் போன் மேப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் இரண்டாவது சீசன். ராலின்ஸுக்கு மேற்கே, இங்கே அன்டிலோப் என்று சொல்கிற ப்ராங்ஹார்ன், மான் போன்ற விலங்கு, அதன் பெட்டைக்கு லைசென்ஸ். முதல் தடவை மேப்பை டவுன்லோடு செய்யாமல் போய், சிக்னல் இல்லாத இடத்தில் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றவன் என்பதால், இந்தத் தடவை எல்லாம் தயார். மஞ்சள் என்றால் பொது நிலம். ஒரு முள்கம்பி வேலி வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். மேப்போ, எல்லைக் கோட்டைத் தாண்டி நாற்பது தப்படி உள்ளே வந்துவிட்டாய் என்றது. கண் முன்னால் வேலி நிற்கிறது, போனுக்குத்தான் கிறுக்கு என்று நினைத்தேன். சுட்டேன். விழுந்த விலங்கைச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது.

பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். யார் நிலம் தெரியுமா என்றார். வேலியைக் காட்டினேன். "வேலி மாட்டுக்காகப் போட்டது. எல்லை வேறே" என்றார். அவர் தாத்தா காலத்தில் நிஜ எல்லையில் பாறையாக இருந்ததாம், குழி தோண்ட முடியவில்லையாம், அதனால் தோண்ட வந்த இடத்தில் கம்பம் நட்டுக்கொண்டே போய்விட்டாராம். ஆக வேலிக்கு வெளியேயும் அவர் நிலம் ஒரு பட்டை. இங்கே பலகை வைப்பதோ வேலி போடுவதோ அவர் கடமை இல்லை, தெரிந்துகொள்வது என் கடமை. மன்னிப்புக் கேட்டேன். வனவிலங்கு அதிகாரியைக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. வண்டியில் ஏறச் சொன்னார்.

அரை மைல் தள்ளி இறக்கிவிட்டு, மூலையைக் கண்டுபிடி என்றார். போனில் நான்கு கட்டமும் சேரும் இடத்துக்குச் சரியாகப் போய் நின்றேன். ஒன்றும் இல்லை. அசையாமல் நின்றாலும் நீலப் புள்ளி ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. திறந்த வானத்திலேயே போனுக்கு ஐந்து மீட்டர் வரை பிசகும். நாற்பது தப்படி உள்ளே வந்துவிட்டாய் என்று சொல்ல அந்தத் துல்லியம் போதும். அகலமே இல்லாத புள்ளியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரியவர் ஒரு சேஜ் புதரைப் பூட்ஸால் ஒதுக்கினார். டபரா அகலத்துக்கு ஒரு பித்தளை மூடி, பச்சை பிடித்துப்போய். மேலே சிலுவைக் கோடு, நான்கு மூலையிலும் 14, 13, 23, 24 என்று எண்கள், அளந்த வருடம், கலைப்பது குற்றம் என்று ஓர் எச்சரிக்கை. இரட்டைப்படைகளான 14ம் 24ம் எதிரெதிர் மூலை. ஏர் திரும்புகிற மாதிரி வலமிருந்து இடம், இடமிருந்து வலம் என்று எண் போட்டிருப்பதால் அப்படி விழுகிறது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். அவர் நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 66 அடி, நூறு லிங்க்ஸ் சங்கிலி. வயோமிங்கை முதலில் அளந்தவர்கள் இழுத்ததும் அதே சங்கிலிதான், எண்பது சங்கிலி ஒரு மைல். நம் ஊர் சென்ட் கணக்கும் அதிலிருந்து வந்ததுதானே. வேட்டைக் கதையைக் காதில் வாங்காதவர், இதற்கு மட்டும் "கல்லு பெயராம இருக்கா?" என்று கேட்டார்.

இன்னொன்று. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு அமெரிக்கா முழுவதற்கும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கன்சாஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களை மட்டுமே அது கட்டுப்படுத்தும். பக்கத்து மொன்டானாவில் மூலை தாண்டுவதை அதிகாரிகள் இன்னும் சட்டவிரோதம் என்றுதான் சொல்கிறார்கள். மேப்பின் நிறத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. நீல நிறத்தில் வரும் மாநில அரசு நிலத்தில் வயோமிங்கில் பொதுச் சாலை வழியாகப் போய் வேட்டையாடலாம், கொலராடோவில் தனியாகத் திறந்துவிட்ட இடங்களில் மட்டும்தான்.

திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம். எந்தப் பக்கத்தில் போட்டாலும் அப்பா வட்டம் போட்டு அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
லாரமி, வயோமிங்