அந்தச் சொட்டு மருந்து பாட்டிலைப் பற்றி

அன்பு மகளுக்கு,

நேற்று வீடியோ காலில் பேசும்போது, நடுவில் இரண்டு முறை தலையை அண்ணாந்து கண்ணில் மருந்து விட்டுக்கொண்டாய். கேட்டால், "லேசா சிவந்திருக்குப்பா, அவ்வளவுதான்" என்று பேச்சை மாற்றிவிட்டாய். பாட்டிலைக் காட்டச் சொல்லிப் பெயரைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. அது டெக்ஸாமெத்தசோன், அதாவது ஸ்டீராய்டு. போன வருஷம் அலர்ஜிக்காக டாக்டர் ஒரு வாரத்துக்குத்தான் எழுதிக்கொடுத்தார். அதே பழைய சீட்டை வைத்து இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்த மருந்தை நான் குறை சொல்லவில்லை. கண்ணுக்குள் அழற்சி வந்தாலும், ஆபரேஷனுக்குப் பிறகும் கண்ணைக் காப்பாற்றுவதே அதுதான். ஆனால் டாக்டர் இடையிடையே பார்த்து, அளவைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார். நாமாகவே விட்டுக்கொண்டிருந்தால், வெளியே சிவப்பு அடங்கும், உள்ளே கண் அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் சிலருக்குச் சில வாரங்களிலேயே ஏறிவிடும். பெரும்பாலும் வலியே இருக்காது. பார்வை நரம்பு கெடும்போது முதலில் போவது ஓரப் பார்வை. எதிரில் இருப்பது நன்றாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. அப்படிப் போன பார்வை திரும்ப வராது, கண்ணு.

இன்னொரு விஷயம். எனக்கு கிளாக்கோமா, அதாவது பெரும்பாலும் கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் நோய், இருப்பது உனக்குத் தெரியும். அப்பா, அம்மாவுக்கு அது இருந்தால், பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். நேற்று ராத்திரி நான் தூங்காததற்கு அதுதான் காரணம்.

கொஞ்சம் யோசித்துப் பார். பாட்டில் முன்பைவிடச் சீக்கிரம் தீர்கிறதா? ஒரு தடவை விடாவிட்டால் உடனே சிவக்கிறதா? கைப்பையில் ஒன்று, ஆபீஸ் மேசையில் ஒன்று என்று வைத்திருக்கிறாயா? யாராவது கேட்டால் பேச்சை மாற்றத் தோன்றுகிறதா? மருந்து கைமீறிப் போவது முதலில் இப்படித்தான் தெரியும். கண்ணில் தெரிவதெல்லாம் பிறகுதான்: ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, வெயிலில் கண் கூசி எழுத்து மங்குவது. இரண்டாவதாகச் சொன்ன கூச்சமும் மங்கலும் கண்புரை தொடங்குவதாகக்கூட இருக்கலாம். இந்த வயசிலா என்று நினைக்காதே, ஸ்டீராய்டால் எந்த வயசிலும் வரும்.

உன் தோழி கொடுத்தாள் என்றாயே, சிவப்பை உடனே வெளுக்க வைக்கும் மருந்து, அதையும் தொடாதே. அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். அதன் வேகம் இறங்கியதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும், மறுபடி விடச் சொல்லும். அடுத்தவர் கண்ணுக்கு விட்ட பாட்டிலிலிருந்து கிருமியும் வரும். கான்டாக்ட் லென்ஸ் வேறு போடுகிறாய். ஸ்டீராய்டு விடும் கண்ணில் கிருமி சேர்ந்தால் நோய் வெளியே தெரியாமலே வளரும்.

சரி, நீயாகச் சட்டென்று நிறுத்திவிடாதே, அதனாலும் சில சமயம் அழற்சி திரும்பி வரும். நாளைக்கே கண் டாக்டருக்கு போன் போட்டு, எத்தனை நாளாக விடுகிறாய் என்பதை மறைக்காமல் சொல்லி, இந்த வாரமே நேரம் வாங்கு. நிறுத்துவதா, குறைப்பதா என்று அவர் சொல்லட்டும். போகும்போது எல்லா பாட்டிலையும் எடுத்துப் போ. எனக்கு கிளாக்கோமா என்பதையும் சொல். அழுத்தத்தோடு பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேள். இரண்டு கண்ணுக்கும் என்ன அளவு வந்தது என்று அன்றைக்கே எனக்கு அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா