கணையாழி கைமாறிய மறுநாள்: மாய நாட்டு அரசிகளை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் மாய நாடுகளையும் கற்பனைப் பேரரசுகளையும் படைத்துத் தொடர்கதைகளாக எழுதிவரும் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் கதைகளைப் பல ஆண்டுகளாக விடாமல் வாசித்துவருபவள் நான். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்று உண்டு. அரசன் படையுடன் எல்லைக்குப் புறப்படுகிறான். அரசி கோட்டை வாயிலில் திலகமிட்டு வழியனுப்புகிறாள். நாட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லி அவன் தன் முத்திரைக் கணையாழியைக் கழற்றி அவள் கையில் வைக்கிறான். அதை நீங்கள் மிக அழகாகவே எழுதுகிறீர்கள். ஆனால் அடுத்த அத்தியாயம் போர்க்களத்துக்குப் போய்விடுகிறது. அரசியை நாங்கள் மறுபடி பார்க்கும்போது அவள் மேல்மாடத்தில் நின்று வழிபார்த்துக்கொண்டிருக்கிறாள், இல்லையென்றால் மந்திரியின் சூழ்ச்சியில் அகப்பட்டிருக்கிறாள், அதுவுமில்லையென்றால் முற்றுகையிடப்பட்ட கோட்டையின் மதில்மேல் வாளோடு நிற்கிறாள். கணையாழி கைமாறிய மறுநாள் காலையிலிருந்து அவள் எப்படி ஆண்டாள் என்பது மட்டும் எழுதப்படுவதே இல்லை. அந்த நாள்களை எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

காத்திருக்கும் அரசியை நாம் பழைய சொத்தாகவே பெற்றிருக்கிறோம் என்பதை அறிவேன். நெடுநல்வாடையில் அரசி அரண்மனைக்குள் தந்தக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். அரசனோ வாடைக் காற்றும் மழைத்துளியும் வீசும் நள்ளிரவில் பாசறையில் புண்பட்ட வீரர்களைப் பார்த்து வருகிறான். அது பிரிவைப் பாட வந்த பாட்டு. அங்கே அவள் காத்திருப்பதுதான் பொருள். ஆனால் நீங்கள் எழுதுவது ஓர் அரசின் கதை. அரசன் பாசறையில் இருக்கும் அந்த நள்ளிரவில் தலைநகரில் நெல் விலை யார் பொறுப்பு என்ற கேள்வி உங்கள் கதைக்கு உண்டு, அந்தப் பாட்டுக்கு இல்லை.

இதை நான் வலியுறுத்துவதற்கு என் வாழ்க்கையும் ஒரு காரணம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். தலைமை அலுவலர் நீண்ட விடுப்பில் போகும்போது அடுத்த நிலையில் இருப்பவர் அந்த நாற்காலியில் அமர்வார். கையெழுத்துக்குக் கீழே பதவியின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று சேர்ந்துகொள்ளும். அப்படி ஏழு மாதங்கள் பொறுப்பு வகித்த அம்மையார் ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். அவரை யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கோப்பை மட்டும் நகர்த்தாமல் வைத்துக்கொண்டு, ‘ஐயா வரட்டும்மா’ என்றார்கள். அந்த இரண்டு சொற்களுக்கு எதிராக அவர் நாள்தோறும் நடத்திய போராட்டத்தை மூன்று மேசை தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வோர் ஆணைக்கும் கீழே ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதை நான்கு வரி கூடுதலாக எழுதிவைப்பார். திரும்பி வருபவருக்குத் தாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்திருந்தது.

கணவன் போரில் இருக்க ஆளும் அரசியின் நிலை இதுதான். ராணி மங்கம்மாளை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் அவர் 1689இல் பொறுப்பேற்றது குழந்தைப் பேரனுக்காக. குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை அந்த அதிகாரத்தைக் கேள்வி கேட்க ஒரு முதிர்ந்த அரசன் எங்கும் இல்லை. போருக்குப் போனவனின் மனைவிக்கோ, உரிமையாளன் உயிரோடு இருக்கிறான். நாளையும் வரலாம், பத்தாண்டு கழித்தும் வரலாம், வராமலும் போகலாம். அவள் பிறப்பிக்கும் ஆணை ஒவ்வொன்றும், அவன் வந்து ஏற்பானா என்ற ஐயத்தோடுதான் அரண்மனையை விட்டு வெளியே போகிறது. இரவல் அதிகாரத்தின் இந்தப் பதற்றம்தான் உங்கள் கதையின் கரு என்று நான் நம்புகிறேன். மந்திரியின் சூழ்ச்சி இல்லாமலேயே அது கதையை நடத்திச் செல்லும்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1513ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி, பிரான்சின்மீது படையெடுத்துப் போகும் முன், தன் மனைவி அரகோனின் கேத்தரினை நாட்டின் ஆளுநராக நியமித்தான். அவனுக்கு அந்த மாதம்தான் 22 வயது நிறைந்தது, அவளுக்கு வயது 27. அவள் ஸ்பெயின் நாட்டு அரசன் மகள். ஹென்றியை மணப்பதற்கு முன்பே தன் தந்தையின் தூதராக இங்கிலாந்து அரசவையில் செயல்பட்டவள். கணவன் அவளுக்குத் தந்தது வெறும் மோதிரம் அன்று. படை திரட்டலாம், மாவட்ட அதிகாரிகளை நியமிக்கலாம், கருவூலத்திலிருந்து பணம் வழங்க ஆணையிடலாம் என்று அவளுடைய அதிகாரங்களை வரையறுத்த முத்திரையிட்ட பத்திரம் இருந்தது. ஆலோசனை சொல்லக் கேன்டர்பரி பேராயர் முதலானோர் அடங்கிய ஒரு குழுவும் இருந்தது. நீங்கள் எழுதும்போது அந்தப் பத்திரத்தின் வாசகத்தை முதலில் எழுதிப் பாருங்கள். எதைச் செய்ய அவளுக்கு உரிமை உண்டு என்பதைக் காட்டிலும் எது அதில் விடுபட்டிருக்கிறது என்பதிலிருந்து உங்களுக்குப் பத்து அத்தியாயம் கிடைக்கும்.

ஹென்றி நல்ல படைகளையெல்லாம் கடல்கடந்து கொண்டுபோய்விட்டான். ஆகஸ்டில் ஸ்காட்லாந்து அரசன் நான்காம் ஜேம்ஸ், பிரான்சுக்குத் தான் கொடுத்த வாக்கைக் காக்கப் போரில் இறங்கினான். அவன் வேற்றாள் அல்லன். ஹென்றியின் சொந்த அக்காள் மார்கரெட்டின் கணவன். அவனுடைய தூதன் எச்சரிக்கையோடு போனது பிரான்சில் தெருவான் நகரை முற்றுகையிட்டிருந்த ஹென்றியின் பாசறைக்கு. அவனுடைய படை வந்ததோ கேத்தரின் பொறுப்பில் இருந்த இங்கிலாந்துக்கு. மடல் கணவனுக்கு, படை மனைவிக்கு! இரவல் அதிகாரம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கற்பனையும் காட்டிவிடாது.

அந்த ஆகஸ்டில் கணவனோடு பிரான்சில் இருந்த அவனுடைய நெருங்கிய ஆலோசகர் தாமஸ் வுல்சிக்கு அவள் எழுதிய மடல்கள் இன்றும் இருக்கின்றன. கொடிகளும் பதாகைகளும் சின்னங்களும் தைப்பதில் மூழ்கியிருப்பதாக ஒன்றில் எழுதுகிறாள். அதே மடலில் கணவனின் உடல்நிலையைப் பற்றிய கவலையும் இருக்கிறது. கொடி தைப்பதை நாம் அந்தப்புர வேலை என்று கடந்துவிடுவோம். எந்தக் கொடியின்கீழ் எந்தப் பிரபுவின் ஆட்கள் நிற்பது என்று தெரியாத படை களத்தில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஊசியும் நூலும் போர்த் தளவாடம் என்பது விளங்கும். கவலையும் கணக்கும் ஒரே மடலில் அடுத்தடுத்த வரிகளாக வருவதைத்தான் உங்கள் அரசிகளிடமும் காண விரும்புகிறேன்.

வடக்கே அவள் பக்கத்துப் படைக்குத் தலைமை தாங்கியவர் எழுபது வயதான சர்ரே பிரபு. செப்டம்பர் 9ஆம் நாள் ஃபிளாடன் என்ற இடத்தில் நடந்த போரில் ஜேம்ஸ் மன்னன் தன் பிரபுக்கள் பலரோடு மாண்டான். கேத்தரின் அந்தக் களத்தில் இல்லை; வடக்கு நோக்கி அவள் தலைநகரை விட்டுப் புறப்பட்டிருந்தபோதே செய்தி வந்துவிட்டது. ஒரு வாரம் கழித்து வோபர்னிலிருந்து கணவனுக்கு அவள் எழுதிய மடலோடு கொல்லப்பட்ட மன்னனின் மேலங்கியின் ஒரு பகுதியை, கொடிக்கு உதவும் என்று அனுப்பிவைத்தாள். மன்னனின் உடலையே அனுப்ப எண்ணியதாகவும், ஆங்கிலேயரின் மனம் அதற்கு இடங்கொடுக்காது என்றும் அதில் குறிப்பிடுகிறாள். அந்த வெற்றி பிரான்சின் மணிமுடி முழுவதையும் வெல்வதைவிடப் பெரிது என்று எழுதும்போதும், அது ‘உமக்கும் உம் நாட்டுக்கும்’ கிடைத்த பெருமை என்றே சொல்கிறாள். தன் பெயரில் ஈட்டிய வெற்றியை அவன் கணக்கில் வரவு வைத்துவிட்டு, அதன் எடையை மட்டும் நுட்பமாக அவன்முன் வைக்கிறாள். இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கும் அன்பும் தற்பெருமையும் எச்சரிக்கையும் சேர்ந்த குரலுக்கு ஈடான உரையாடலை நம் தொடர்கதைகளில் நான் இன்னும் வாசிக்கவில்லை.

அதே களத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜேம்ஸின் மகனுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கணவனின் உயிலின்படி, மறுமணம் செய்யாதவரை, மார்கரெட் குழந்தைக்காக ஆளலாம். அடுத்த ஆண்டே அவள் ஆங்கஸ் பிரபுவை மணந்துகொண்டாள், பொறுப்பை இழந்தாள். தன் தம்பி மனைவி கேத்தரினின் படையால் கணவனை இழந்த ஒருத்தி, தன் தம்பியின் நாட்டோடு சமாதானம் பேசவேண்டிய நிலையில், கைம்பெண் என்ற நிபந்தனையில் தொங்கும் அதிகாரத்தோடு நிற்கிறாள். இந்த இரண்டு பெண்களையும் ஒரே கதையில் வைத்து எழுத உங்களில் ஒருவர் முன்வரமாட்டாரா?

அரசன் திரும்பவே இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கேத்தரினின் பாட்டனாருக்கு அண்ணன் அரகோன் அரசன் ஐந்தாம் அல்ஃபோன்சோ. இத்தாலியின் நேப்பிள்சை வெல்வதற்காக 1432இல் கடல்கடந்தவன், 1442இல் அதை வென்ற பிறகும் ஊர் திரும்பவில்லை. அவன் மனைவி மரியா 1453 வரை அவனுடைய ஸ்பெயின் பகுதிகளில் ஒன்றான கத்தலோனியாவை அவன் பெயரில் ஆண்டாள். இருபத்தொரு ஆண்டுகள்! குழந்தை இல்லை, கணவனிடமிருந்து மடல்களும் பணத்தேவைகளும் மட்டும் வந்துகொண்டிருந்தன. நிலப்பிரபுக்களுக்கும் நிலத்தோடு கட்டுண்டு கிடந்த உழவர்களுக்கும் இடையே மூண்ட பூசலை அவள்தான் எதிர்கொண்டாள். 1458இல் இருவரும் இரண்டரை மாத இடைவெளிக்குள் வெவ்வேறு நாடுகளில் இறந்தார்கள். வாளெடுத்து ஒருநாள் போரிட்ட அரசிகளுக்கு நீங்கள் முந்நூறு பக்கம் தருகிறீர்கள். இருபத்தொரு ஆண்டு உட்கார்ந்து ஆண்டவளுக்கு முப்பதாவது தாருங்கள்.

இவற்றையெல்லாம் அப்படியே எடுத்துப் பெயர் மாற்றி எழுதச் சொல்லவில்லை. நம் கல்வெட்டுகளிலேயே ஆட்சியின் நுணுக்கத்துக்கான சொற்கள் நிரம்பிக் கிடக்கின்றன. சோழர் ஆணை ஒன்று எப்படிப் பிறந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். அரசன் திருவாய் மொழிந்தருள்வான், திருமந்திர ஓலை என்னும் எழுத்து அதிகாரி அதை எழுதுவான், அவனுக்கு மேலான ஓலைநாயகம் ஒப்பிடுவான், பிறகு அது வரிப்பொத்தகம் என்னும் வரிப் பதிவேட்டில் ஏறும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி அரசனின் வாய். அவன் ஊரில் இல்லாதபோது யாருடைய வாய்மொழியை ஓலை எழுதுவது? அரசி சொன்னதை ‘அரசர் சொன்னார்’ என்று எழுத ஓலை எழுதுபவன் சம்மதிப்பானா, அல்லது கையை எழுத்தாணியிலிருந்து எடுத்துவிட்டு ‘மன்னர் வரட்டும்’ என்பானா? உங்கள் கற்பனை நாட்டின் தர்பாரில் இந்த ஒரு நிமிடத் தயக்கத்தை எழுதினால் போதும், ஆயிரம் யானைப்படையைவிட அது எங்களை உலுக்கும்.

மாயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அரசியிடம் தொலைவில் உள்ளவனோடு உடனே பேசும் மாயக் கண்ணாடியோ, கண்ணிமைக்கும் நேரத்தில் ஓலை கொண்டுபோகும் பறவையோ இருந்தால், அவள் அரசப் பிரதிநிதி அல்லள். அவன் சொல்வதைத் திருப்பிச் சொல்பவள். செய்தி தாமதமாக வரும் இடைவெளியில்தான் அவள் ஆள்கிறாள். ஆகவே மாயத்துக்கு விலை வையுங்கள்: அந்தக் கண்ணாடி பௌர்ணமிக்கு ஒருமுறைதான் திறக்கட்டும், மற்ற நாள்களில் அவள் தன் அறிவை நம்பட்டும். மாயமும் நீக்கமுடியாத சிறு சங்கடங்களை அவள்முன் வையுங்கள். 1544இல் ஹென்றி மறுபடி பிரான்சுக்குப் போனபோது பொறுப்பிலிருந்த அவனுடைய ஆறாம் மனைவி கேத்தரின் பார், கொள்ளைநோய் கண்ட வீட்டார் அரசவைப் பக்கம் வரக்கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டாள். அரக்கர் படையைவிட நோய் முந்திக்கொண்டு தலைநகருக்குள் வந்துவிடும் என்பது எந்த உலகத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக, அவன் திரும்பிவரும் நாள். நீங்கள் அதை ஆரத்தியோடும் மலர்மாரியோடும் முடித்துவிடுகிறீர்கள். என் அலுவலகத்தில் தலைமை அலுவலர் விடுப்பு முடிந்து வந்த காலையில் பொறுப்பு வகித்த அம்மையார் சாவிக்கொத்தை, பதிவேடுகளை, நிலுவையிலிருந்த கோப்புகளின் பட்டியலை மேசைமேல் வரிசையாக வைத்தார். அலுவலர் தம் நாற்காலியில் அமர்ந்து முதல் கோப்பைப் பிரித்து, அம்மையார் எழுதிய அந்த நான்கு வரிகளை வாசித்தார். நாங்கள் எல்லோரும் தலை குனிந்து எழுதுவதுபோல் இருந்துகொண்டு, அவர் பேனாவை எடுப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தோம். உங்கள் அரசனும் போரிலிருந்து வந்து, மாலையைக் கழற்றிவிட்டு, அவள் இட்ட ஓலைகளில் முதலாவதைப் பிரிக்கட்டும். அவள் எங்கே நின்றுகொண்டிருக்கிறாள் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர்,
உங்கள் வாசகி.