பூங்காவில் அடித்த மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்

அனுப்புநர்
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம்,
வடவள்ளி, கோயம்புத்தூர்.

பெறுநர்
மேலாளர்,
பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: முன்னறிவிப்பு இல்லாமல் பூங்காவில் பூச்சிக்கொல்லி அடித்தது, மருந்தின் பெயரைச் சொல்ல மறுப்பது குறித்து.

ஐயா,

வணக்கம். எங்கள் ரிசர்வ் சைட் (மனைப்பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடம்) பூங்கா மாநகராட்சி இடம். பராமரிப்புச் செலவு எங்கள் சங்கத்துடையது. வீட்டுக்கு வீடு வசூலிக்கும் சந்தாவிலிருந்துதான் உங்களுக்கு வருடத்துக்கு 42,000 ரூபாய் ஒப்பந்தம் கொடுத்தோம். மாதம் ஒருமுறை வந்து செடிகளைப் பார்ப்போம், தேவை இருந்தால் மட்டும் அடிப்போம், வேப்பெண்ணெய் சார்ந்த மருந்துதான் அடிப்போம், முந்தைய நாளே சொல்லிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

இந்த மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகால் மணிக்கு நடைப்பயிற்சிக்காரர்கள் சுற்றிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஆள் முதுகில் விசைத்தெளிப்பானோடு உள்ளே வந்தார். எனக்கு போன் இல்லை, கேட்டில் பலகை இல்லை. செம்பருத்தி வேலியில் ஆரம்பித்து, நந்தியாவட்டை, புல்தரை, அப்புறம் குழந்தைகள் விளையாடும் இடம் வரைக்கும் ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு போனார். மேற்கிலிருந்து காற்று வேறு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள்.

அந்தத் தம்பி மேல் எங்களுக்குக் கோபமே இல்லை. இருபது, இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். முகத்தில் ஒரு கைக்குட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையுறை கிடையாது. வாளியில் மருந்தைக் கலக்கியதில் முழங்கை வரைக்கும் தெறித்திருந்தது. அதே கையால் கைக்குட்டையை இறக்கிவிட்டு, குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் குடித்தார். நான்தான் சோப்பு கொண்டுவந்து கொடுத்துக் கையைக் கழுவச் சொன்னேன். மருந்து அடிக்கிறவருக்குப் பாதுகாப்பு உடையும் சுவாசக் கவசமும் தரவேண்டும் என்று 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

எட்டரை மணி வாக்கில் எங்கள் தெருவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று ஊஞ்சலில் போய் உட்கார்ந்தது. சங்கிலி பிசுபிசுவென்று இருந்ததாம். கையை முகத்தில் துடைத்துக்கொண்டது. மதியம் இரண்டு முறை வாந்தி. மருந்தால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. ஆனால் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "என்ன மருந்து அடித்தார்கள்?" என்பதுதான். அது தெரிந்தால்தானே அவர் அதற்கேற்ற வைத்தியம் பார்க்க முடியும்? ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிக்கொல்லியாக இருந்தால் அட்ரோபின் என்ற முறிமருந்து தேவைப்படலாம், மற்ற பல வகைகளுக்கு அது முறிமருந்து ஆகாது. குழந்தையின் அம்மா பக்கத்தில் அழுதுகொண்டு நிற்க, நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உங்கள் சூப்பர்வைசருக்கு போன் செய்தேன். "பூச்சி மருந்துதான் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். பெயரைக் கேட்டேன். "ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. குழந்தை மறுநாளே தேறிவிட்டாள். அது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் பொறுப்பு அதனால் குறைந்துவிடாது.

திங்கட்கிழமை இன்னொன்று. பம்ப் ரூமுக்குப் பின்னால் நீங்கள் விட்டுப்போன ஐந்து லிட்டர் கேனை, எங்கள் தோட்ட வேலை செய்யும் அம்மா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். வீட்டில் தண்ணீர் பிடித்து வைக்க நல்ல கேன் என்று நினைத்திருக்கிறார். லேபிள் பாதி கிழிந்து பெயர் போய்விட்டது. மிச்சம் இருந்தது நஞ்சின் கடுமையைக் காட்டும் முக்கோணம், மஞ்சள் நிறத்தில். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் சிவப்புக்கு அடுத்த கடுமையான நஞ்சு அது. வேப்பெண்ணெய் என்று எழுதிக் கொடுத்தவர்கள் கொண்டுவந்தது இதுவா? காலி கேனை உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில்தான் இருக்கிறது. எங்கள் கண்ணில் படுவதற்குள் அந்த அம்மா கேனை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சரி, எதற்காக அடித்தீர்கள்? செம்பருத்தியில் மாவுப்பூச்சி என்றார் உங்கள் ஆள். இருந்தது உண்மைதான், நாலைந்து கிளைகளில். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய்த் தண்ணீரால் வேகமாகப் பீய்ச்சி, மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் தெளித்து, மாவுப்பூச்சியைக் காவல் காக்கும் எறும்பைத் தடுத்திருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் மருந்து அடித்த கிளை ஒன்றை வெட்டி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலைக்கடியில் வெள்ளை வெள்ளையாகச் செத்துக் கிடந்ததில் பாதி மாவுப்பூச்சியே இல்லை. பொறிவண்டின் புழு. உடம்பு முழுக்க மெழுகுத் திரியாக, பார்ப்பதற்கு மாவுப்பூச்சி போலவேதான் இருக்கும், ஆனால் மாவுப்பூச்சியைத் தின்றே வளர்வது அது. கறுப்பு உடம்பும் ஆரஞ்சுத் தலையுமான வண்டுகள் இரண்டு பக்கத்திலேயே மல்லாந்து கிடந்தன. எங்களுக்குக் கூலி வாங்காமல் வேலை செய்துகொண்டிருந்தவற்றை, எங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு கொன்றிருக்கிறீர்கள்.

கோயம்புத்தூரில் தொழில் செய்கிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. 2008இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டதே இந்த ஊரில்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று காடு காடாக நாசமானது. விவசாயிகள் மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் அந்த மெழுகுப் பூச்சுக்குள் சரியாக இறங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து, மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி கடுகைவிடச் சிறியது. உங்கள் மருந்து அதையும் சேர்த்துத்தான் கொல்லும்.

நாங்கள் கேட்பது இவைதான். அன்று அடித்த மருந்தின் பெயர், அளவு, அதை வாங்கிய ரசீதின் நகல் மூன்றும் எழுத்தில் வேண்டும். அன்றைய வேலைக்கான பணத்தைத் திருப்பித் தாருங்கள். இனி எங்கள் உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து செடிகளைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே எதுவும் தெளிக்க வேண்டும், அதுவும் கேட்டைப் பூட்டி, என்ன மருந்து, எத்தனை மணி வரை உள்ளே வரக்கூடாது என்று தமிழில் பலகை வைத்துவிட்டு. விளையாடும் இடத்தில் எந்த மருந்தும் கூடாது. அந்தத் தம்பிக்குக் கையுறையும் கவசமும் வாங்கிக் கொடுத்ததை நாங்கள் நேரில் பார்க்க வேண்டும்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் கேனோடு வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் போவோம், நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்போம்.

ஊஞ்சல்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம். தினமும் சாயங்காலம் குழந்தைகள் வந்து, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று என்னிடம் கேட்கிறார்கள். மருந்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்