பட்டா லொறி அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணே,

உங்கள் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாரும் வாசிக்கும் கடிதத்தில் அதைப் போடுவது முறையில்லை என்பதால் விடுகிறேன். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்குக்குள், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு, பட்டா என்கிற உங்கள் சின்ன லொறியில் எங்கள் வீட்டுச் சாமானை ஏற்றி வந்தீர்கள். முன் சீட்டில் என் மாமி, அவ மடியில் பிள்ளையார் படம். பின்னால் படங்குக்கு அடியில், மூட்டைகளுக்கு நடுவில் நான். இவ்வளவு சொன்னால் உங்களுக்கு விளங்கும். உங்கள் இலக்கம் இருந்த போன் அடுத்த வருடமே பழுதாகிவிட்டது. புறக்கோட்டையில் நீங்கள் லொறி நிறுத்தும் இடத்தில் போய் விசாரித்தேன். ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். மலைநாட்டில் அட்டன் பக்கம் யாராவது இதை வாசித்து உங்களிடம் சொல்ல மாட்டார்களா என்றுதான் இப்படி எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களிடம் கூலியைத் தந்து "போயிட்டு வாங்கோ அண்ணே" என்றதோடு சரி. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது.

மார்ச் 20 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் போட்ட ஊரடங்கு, கொழும்பில் மே 26 விடியும் வரை நீக்கப்படவில்லை. அத்தனை நாளும் ரேடியோவிலும் டிவியிலும் ஒரே பேச்சுதான்: வீட்டில் இருங்கள். நாங்களும் இருக்கத்தான் நினைத்தோம். வாடகை ஒப்பந்தம் ஏப்ரலோடு முடிந்திருந்தது. வீட்டுக்காரருடைய மருமகனுக்குப் புறக்கோட்டையில் கடை. கடை பூட்டிக் கிடக்க, மகள் குடும்பத்தால் தாங்கள் இருந்த வாடகை வீட்டைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. "பிள்ளையை நான் எங்க விடுறது?" என்று எங்களிடமே கேட்டார். அவரில் பிழை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. ஒரு வாடகை வீடு ஆட்டம் கண்டால் இன்னொன்றும் சேர்ந்து ஆடும் என்பதை அந்த நாட்களில்தான் கண்டேன்.

வீடு தேடியதெல்லாம் போனில். ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருட அட்வான்ஸ் என்று கேட்பது கொழும்பில் வழக்கம்தான், அது பழகிப்போனது. பழகாதது வேறொன்று. "இப்ப எங்க இருக்கிறீங்க?" என்று கேட்பார்கள். கொட்டாஞ்சேனை என்றதும் குரல் மாறும். ஏப்ரலில் வாழைத்தோட்டம் பண்டாரநாயக்க மாவத்தையில் தொற்றுப் பரவி, அங்கிருந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகத் தனிமைப்படுத்தல் நிலையங்களுக்கு ஏற்றிக்கொண்டு போனதை எல்லாரும் டிவியில் பார்த்திருந்தார்கள். அதன் பிறகு வடகொழும்பு என்றாலே நோய் என்றாகிவிட்டது. "கொரோனா முடியட்டும், பாப்பம்" என்று ஒருவர். பேச்சு முடியும் முன்னமே போனை வைத்தார் இன்னொருவர். கடைசியில் வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தெரிந்தவர் சொல்லி, சரி என்றார். அந்த வீட்டில்தான் இன்றும் இருக்கிறோம்.

ஊரடங்கில் வீடு மாறும் அனுமதிப்பத்திரத்துக்கு என் கணவர் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியும். பழைய வீட்டுக்காரர் கடிதம், புது வீட்டுக்காரர் கடிதம், கிராம சேவகர் கையொப்பம், எங்கள் ஒழுங்கையில் தொற்றில்லை என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) சொன்னதற்கு ஒரு துண்டு, அதற்குப் பிறகு பொலிஸ். அடையாள அட்டையின் கடைசி இலக்கத்தைப் பார்த்து வெளியே விடும் முறை அந்த மாதம்தான் தொடங்கியிருந்தது. 1, 2 என்றால் திங்கள், 3, 4 செவ்வாய், இப்படியே 9, 0 வெள்ளி. என்னுடையது 2. இவருடையது 7, அப்படியென்றால் வியாழன். பத்திரத்தில் உங்கள் பெயரும் லொறி இலக்கமும் மாமியும் நானும். இவர் வெறும் வீட்டில் பாயைப் போட்டுக்கொண்டு வியாழன் வரை காத்திருந்து மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

நீங்கள் வந்த அன்று விடியற்காலையே மழை. அந்தக் கிழமை முழுக்க நாடு நனைந்துகொண்டிருந்தது. கடைகள் பூட்டு, கார்ட்போர்ட் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. பழைய சேலையிலும் பெட்சீற்றிலும் அரிசிச் சாக்கிலும் கட்டி வைத்திருந்தேன். கழற்றத் தச்சு பாஸ் வர ஏலாததால் அலுமாரி முழுதாக நின்றது. சுமை தூக்கும் நாட்டாமைமாரைக் கூட்டிவர அனுமதி இல்லை. பிரிட்ஜை மூன்றாம் மாடியிலிருந்து நீங்களும் இவரும்தான் இறக்கினீர்கள், முகக்கவசம் நனைந்து வாயில் ஒட்ட ஒட்ட. எதை முதலில் ஏற்ற வேண்டும், அலுமாரியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், கேஸ் சிலிண்டரை எங்கே கட்ட வேண்டும் என்று நீங்கள் பதறாமல் சொல்லச் சொல்லத்தான் எனக்கும் கைநடுக்கம் நின்றது. சட்டிபானையோடு பால் காய்ச்சும் பாத்திரத்தையும் அடியில் போட்டுவிடாதீர்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று மாமியைப் பார்த்துச் சொன்னீர்கள். மாமிக்கு அதிலேயே உங்களைப் பிடித்துவிட்டது.

காலிமுகத்திடலுக்கு முன்னால் மறித்தார்கள். மழையில் கடல் தெரியவில்லை. லொறி நிற்கும் முன்னமே மாமியின் கையில் அடையாள அட்டை இருந்தது, கவனித்தீர்களா? யாரும் கேட்கவில்லை. அவவுக்கு அது பழக்கம். கொழும்பில் தமிழ் வீடுகளில் யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், எதற்கு வந்தார்கள் என்று பொலிஸ் படிவம் நிரப்பிய வருடங்கள் அவவுடைய வயதில் பாதி. 2007 ஜூன் 7 விடியற்காலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் இருந்த தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்களே, அதை அவ தன் கண்ணால் பார்த்தவ. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை உத்தரவு போட்டதை ரேடியோவில் கேட்டுத்தான் சோறு வைத்தாவாம். சாமானோடு லொறியில் ஏறினாலே அவவுக்கு நெஞ்சு அடிக்கும். நீங்கள் கண்ணாடியை இறக்கி, "ராலஹாமி" என்று தொடங்கி, வயசான அம்மா, சீனி வருத்தம், மருந்து நேரம் என்று அமைதியாகச் சிங்களத்தில் சொன்னீர்கள். அந்தப் பொலிஸ்காரரும் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டினார். அவரும் நல்ல மனிதர்தான். மாமி அட்டையை உள்ளே வைக்க வெகுநேரம் ஆனது.

வெள்ளவத்தை பிளட்டில் கமிட்டிக்காரர்கள் சாமானையெல்லாம் வாசலில் இறக்கச் சொல்லி, குளோரின் தண்ணீர் அடித்து, காய்ந்த பிறகுதான் மேலே ஏற்ற விட்டார்கள். அலுமாரிக் காலில் அந்த வெள்ளைக் கறை இன்னும் போகவில்லை. காயட்டும் என்று படியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தபோதுதான் நீங்கள் பேசினீர்கள். நான் எழுத நினைத்ததே அந்தப் பேச்சைத்தான்.

கொழும்பும் கம்பஹாவும் தவிர மற்ற இடங்களில் பகலில் ஊரடங்கு தளர்ந்திருந்தது. உங்கள் மனைவியும் மகளும் ஊரில் கடைக்குப் போய்வருகிறார்கள் என்றீர்கள். நீங்கள் மாவட்டம் தாண்ட முடியாமல் புறக்கோட்டையில் ஒரு கடையின் மேல்மாடியில், வேலையில்லாத நாட்டாமைமாரோடு. மரக்கறி ஏற்றும் பத்திரம் இருந்ததால் உங்களுக்காவது ஓட்டம் இருந்தது, அவர்களுக்கு அதுவும் இல்லை. அரசாங்கம் கொடுத்த 5000 ரூபாயை இங்கே கேட்டால் "உங்கட பதிவு இங்க இல்லை" என்றார்களாம். ஊரில் கேட்டால் "ஆள் இங்க இல்லையே" என்றார்களாம். எங்களுக்கும் கொட்டாஞ்சேனையில் அதே கதை, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது அங்கேயே முன்னம் இருந்த வீட்டு முகவரியில் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"உங்களுக்கு ரெண்டு அட்ரஸ் இருக்குங்க. எங்க லயத்துல வீட்டுக்கு வீடு நம்பரே இல்ல. கடுதாசி வந்தா தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். அங்கேருந்து எப்பக் கைக்கு வரும்னு சொல்ல ஏலாது."

நான் அந்த நேரம் ஒன்றும் பேசவில்லை. வீடு போகிறதே என்று அழுதுகொண்டு மூட்டை கட்டியவள் நான். அந்த மூட்டைகளைச் சுமந்தவர் நீங்கள். உங்கள் அப்பாவும் தாத்தாவும் பிறந்த லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஒரு காணி உறுதி இல்லை, ஒரு இலக்கம்கூட இல்லை. ஊரடங்கின்போது யாருக்குச் சாப்பாடு, யாருக்குப் பணம் என்று தீர்மானித்தது முகவரிதான். வாடகைக்காரர், போர்டிங்கில் இருப்பவர், கடை மாடியில் படுப்பவர், லயத்தில் பிறந்தவர் எல்லாரும் அந்த இடாப்புக்கு வெளியேதான் நின்றோம். வீட்டில் இருங்கள் என்று சொல்லும் அரசுக்கு, யார் எந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறார் என்று உள்ளபடி எழுதி வைக்கும் கடமை உண்டு. சந்தேகப்பட்டு எண்ணுவதற்கு எங்களிடம் எத்தனை படிவம் வாங்கினார்கள்! சோறு கொடுப்பதற்கு ஒரு படிவம் இருக்கவில்லை. இதை நான் எங்கள் புதுக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் நேரில் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். பிளட்டில் வாடகைக்கு இருக்கும் மற்றவர்களும் கையொப்பம் வைத்தார்கள்.

ஆகஸ்ட் 5 பொதுத்தேர்தலுக்கு நாங்கள் கொட்டாஞ்சேனைக்குத்தான் போய் வாக்களித்தோம். பிறகு பதிவை மாற்றிவிட்டோம். மாமி நலம், சீனி கொஞ்சம் கட்டுப்பாட்டில். உங்களைக் கேட்பா.

மகள் அந்த வருடம் ஓ.எல். பரீட்சை எடுக்க இருந்தாவே, எப்படிச் செய்தா? 7 பேர்ச் காணியில் வீடு கட்டித் தரும் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறது என்றீர்கள். வீடு கிடைத்ததா அண்ணே? உறுதி உங்கள் கைக்கு வந்ததா, இலக்கம் போட்டார்களா? போட்டிருந்தால் அதை எனக்கு அனுப்புங்கள். அடுத்த கடிதத்தை அந்த முகவரிக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
வெள்ளவத்தைத் தங்கச்சி