சோயா பால்: எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உடல் எடை குறைய தினமும் சோயா பால் குடியுங்கள் என்று உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதே பக்கத்தில் கீழே, ஆண்கள் சோயாவைத் தொடவே கூடாது, ஹார்மோன் கெட்டுவிடும் என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஒரு குடும்பம் என்ன முடிவுக்கு வரும்? இரண்டுமே சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் எடை விஷயம். கொழுப்பைக் கரைக்கிற சக்தி சோயா பாலுக்குக் கிடையாது, வேறு எந்தப் பானத்துக்கும் கிடையாது. சர்க்கரை சேர்க்காத சோயா பால் ஒரு கப், அதாவது 240 மி.லி., குடித்தால் ஏறக்குறைய 80 கலோரி, 7 கிராம் புரதம், 4 கிராம் கொழுப்பு கிடைக்கும். கொழுப்பு நீக்காத பசும்பாலில் அதே அளவுக்கு சுமார் 150 கலோரி, 8 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு. ஆக, தினமும் முழுப்பால் குடித்து வந்தவர் அதை விட்டுவிட்டு இதற்கு மாறினால் கப்புக்கு 70 கலோரி குறைகிறது, மற்ற சாப்பாடு கூடாமல் இருந்தால் போகப்போக எடையிலும் கொஞ்சம் தெரியலாம். சரி, ஏற்கெனவே கொழுப்பு நீக்கிய பால் குடிப்பவருக்கு? அதிலும் 80, 90 கலோரிதான், மாறுவதால் எடையில் ஒன்றும் நடக்காது. காலையில் வெறும் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டிருந்த ஒருவர் உங்கள் கட்டுரையை நம்பி, வழக்கமான சாப்பாட்டைக் குறைக்காமல், இரண்டு கப் சோயா பாலைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும். எதற்குப் பதிலாகக் குடிக்கிறோம் என்ற கேள்வியைக் கட்டுரை ஓரிடத்திலும் கேட்கவில்லை.

எந்த சோயா பால் என்பதையும் சொல்லவில்லை. வெனிலா, சாக்லேட் என்று சுவை சேர்த்து வருபவற்றில் சர்க்கரை தாராளமாக இருக்கிறது, சாக்லேட் கலந்த பலவற்றில் ஒரு கப்பில் 15 கிராமையும் தாண்டிவிடும். கலோரி கணக்கில் அது முழுப்பாலுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிடுகிறது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் என்ன படம் போட்டிருந்தாலும், பின்பக்க லேபிளில் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ எவ்வளவு என்று பார்த்து வாங்குங்கள் என்ற ஒரே ஒரு வரி அந்தக் கட்டுரையில் இருந்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

இவ்வளவு சொல்வதால் சோயா பால் மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். தாவரங்களிலிருந்து தயாரிக்கும் பானங்களில் புரதத்துக்காக நம்பிக் குடிக்கக்கூடியது இதுதான் என்பேன். பாதாம் பாலில் 30, 40 கலோரிதான் என்று பலர் அதற்குப் போகிறார்கள், ஆனால் அதில் புரதம் பெரும்பாலும் 1 கிராம்தான், குடித்த கொஞ்ச நேரத்தில் திரும்பப் பசிக்கும். பாலில் இருக்கும் சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்பிச் சிரமப்படுகிறவர்களுக்கும் சோயா பால் நல்ல வழி, அதில் லாக்டோஸே இல்லை. கொலஸ்ட்ரால் விஷயத்திலும் நன்மை உண்டு, ஆனால் சிறிய நன்மை: தினமும் 25 கிராம் சோயா புரதம் எடுத்துக்கொண்டால் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மூன்று, நான்கு சதவீதம் குறையலாம். அந்த 25 கிராமுக்கு மூன்று கப்புக்கு மேல் குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் சோயா புரதம் இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் செய்துகொள்ள அனுமதித்தது, பிறகு 2017இல் சான்றுகள் அவ்வளவு உறுதியாக இல்லை என்று அந்த அனுமதியை விலக்கிக்கொள்ள அதுவே முன்மொழிந்தது.

இப்போது அந்தப் பெட்டிச் செய்தி. சோயாவில் ஐசோஃபிளவோன் என்ற பொருள் இருக்கிறது, அது அமைப்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போன்றது, பயம் கிளம்பியது இதிலிருந்துதான். ஆனால் அது உடலில் ஈஸ்ட்ரோஜன் அளவுக்கு வேலை செய்வதில்லை, மிக பலவீனமானது. ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2010இலும் 2021இலும் அலசிப் பார்த்தார்கள், இரண்டு முறையும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகத் தெரியவில்லை. அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2008இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஒரே ஒரு நோயாளியின் கதை. 60 வயதுக்காரர், மார்பு வீங்கி வலித்தது, விசாரித்ததில் அவர் தினமும் கிட்டத்தட்ட 3 லிட்டர் சோயா பால் குடித்து வந்தது தெரிந்தது. நிறுத்தியதும் வலி போய்விட்டது. இதை வைத்து, தினம் ஒரு கப் குடிக்கிற இளைஞரைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களையும் இதே பயம் வாட்டுகிறது. ஷாங்காயில் அந்த நோயிலிருந்து மீண்ட 5,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே காணப்பட்டன. சோயாதான் காப்பாற்றியது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாதுதான், ஆனால் உணவாகச் சாப்பிடுவதைக் கண்டு நடுங்கவும் காரணமில்லை. ஐசோஃபிளவோன் மாத்திரைகள் வேறு விஷயம், மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் தொடக்கூடாது.

உண்மையாகவே கவனம் தேவைப்படும் இடங்களை உங்கள் பக்கம் விட்டுவிட்டது, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். என் பெரியம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர். எடை குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாத்திரையைப் போட்ட கையோடு சோயா பால் குடிக்க ஆரம்பித்தார், பரிசோதனையில் டிஎஸ்ஹெச் ஏறிவிட்டது, அதாவது உடலுக்குத் தைராய்டு ஹார்மோன் போதவில்லை என்று அர்த்தம். சோயா அந்த மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கக்கூடும். சில மணி நேரம் இடைவெளி விட்டு, தினமும் ஒரே மாதிரி குடியுங்கள் என்று மருத்துவர் சொன்னார், அப்புறம் சரியாகிவிட்டது. இதைச் சொல்ல இரண்டு வரி போதாதா?

கால்சியமும் அப்படித்தான். சோயா பாலில் இயற்கையாக இருக்கும் கால்சியம் பசும்பாலில் இருப்பதில் கால்வாசிகூட வராது, வைட்டமின் பி12 இல்லவே இல்லை. இவற்றைச் சேர்த்துத் தயாரித்ததை வாங்க வேண்டும், கால்சியம் அடியில் படிந்துவிடும் என்பதால் நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும். வீட்டில் அரைத்துக் காய்ச்சுகிறவர்கள் நுரை பொங்கியதும் அடுப்பை அணைத்துவிடக் கூடாது, கொதிக்கும் முன்பே அது பொங்கிவிடும். அதன் பிறகும் நன்றாகக் கொதிக்கவிட்டால்தான் புரதச் செரிமானத்தைத் தடுக்கிற பொருள் போகும்.

ஒரு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால் மாவுக்கோ பதிலாகக் கடையில் விற்கும் சாதாரண சோயா பாலைக் கொடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கென்று தயாரிக்கும் சோயா பால் மாவு வேறு, இது வேறு, வளர்ச்சிக்குத் தேவையான சத்துகள் இதில் போதாது. மற்றதற்கெல்லாம் இடமில்லை என்றாலும் இதையாவது அடுத்த நலவாழ்வுப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தனியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி